ஒருநாள் வெற்றியும் ஓராண்டுப் புகழும்

ஒருவனது ஆற்றலை ஒரு நாளில் அவன் காட்டும் திறமை கொண்டு அளப்பதா, ஆண்டு முழுவதும் அவன் காட்டும் உறுதி கொண்டு அளப்பதா? பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரத்தில் எழுதிய விடைகளையும், தவணைதோறும் பெற்ற புள்ளிகளையும் ஒப்புநோக்கும் ஆசிரியர்க்கு இவ்வினா புதிதன்று. இதற்கு விடை காணும் முயற்சியொன்று ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றது. அதுவே துவிச்சக்கர வண்டியோட்ட வீரர்க்கு ஆண்டுப் புள்ளிகளால் முதன்மை வழங்கிய முறையாகும்.

அங்கு ஒரே நாளில் ஓடி முடிக்கும் ஓட்டங்கள் மிகப் பழையவை. பெல்சியத்தின் லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் ஓட்டம் 1892இலும், பிரான்சின் பாரிஸ்–ரூபே 1896இலும், இத்தாலியின் லொம்பார்டி ஓட்டம் 1905இலும், மிலான்–சன்ரேமோ 1907இலும், பெல்சியத்தின் பிளாண்டர்ஸ் ஓட்டம் 1913இலும் தொடங்கின. இவற்றுட் பலவற்றைத் தோற்றுவித்தோரும் வளர்த்தோரும் செய்தித்தாள் நடத்தியோரே.

இவை ஒன்றுபோல் மற்றொன்று இல்லாதவை. கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் இதனை எளிதில் உணர்வர். எட்வேட் பாண்ஸ் தேசாதிபதியின் காலத்தில் அமைந்த அவ்வீதி, தாழ்நிலத்தில் நெடுந்தூரம் சென்று, பின்னர் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறுகின்றது. சமநிலத்தில் விரைபவன் ஏற்றத்திற் பின்தங்கக் கூடும். அவ்வாறே பாரிஸ்–ரூபே கருங்கல் பதித்த கரடுமுரடான பாதைகளால் வீரரைச் சோதிக்கும். லியேஜ் ஓட்டம் அடுத்தடுத்து வரும் குன்றுகளாற் சோதிக்கும். மிலான்–சன்ரேமோவோ முந்நூறு கிலோமீற்றரை அண்மிய தூரத்தாற் சோதிக்கும். எனவே, எல்லா நிலத்திலும் சிறந்தவன் யாவன் என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

முதல் விடை 1948இல் வந்தது. பிரான்சு, இத்தாலி, பெல்சிய நாட்டுச் செய்தித்தாள்கள் கூடி, பத்திரிகையாளரான தெக்ராஞ்சு, கொலொம்போ ஆகிய இருவர் பெயரால் ஒரு பரிசை நிறுவின. சுவிஸ் வீரர் பேர்டி கூப்ளர் அதனை மும்முறை வென்றார். நடத்தியோரிடையே எழுந்த பிணக்கால் அது 1958உடன் முடிந்தது. அதன்பின் மதுபான நிறுவனமொன்றின் ஆதரவில் வேறொரு பரிசு தோன்றிற்று. பெல்சியத்தின் எடி மேர்க்ஸ் 1969 முதல் 1975 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து அதனைப் பெற்றார். விளையாட்டில் மதுபான விளம்பரத்தைப் பிரான்சு தடுத்தமையால் 1987உடன் அதுவும் மறைந்தது.

1989இல் அனைத்துலகத் துவிச்சக்கர வண்டியோட்டச் சங்கமே உலகக் கிண்ணம் என்னும் போட்டியைத் தொடக்கியது. பல நாள் நீளும் ஓட்டங்களை விலக்கி, ஒருநாள் ஓட்டங்களை மட்டுமே அது கணக்கிற் கொண்டது. முதலாண்டில் அயர்லாந்தின் ஷோன் கெலி வென்றார்.

இம்முறையின் இயல்பை விளக்க 2004ஆம் ஆண்டு ஒன்றே போதும். அவ்வாண்டு இத்தாலியரான டாவிடே ரெபெலின், அம்ஸ்டெல், லியேஜ் ஆகிய இரண்டு உலகக் கிண்ண ஓட்டங்களில் முதலிடம் பெற்றார். அவர் நாட்டவரான பவுலோ பெற்றினி அவற்றுள் ஒன்றிலேனும் முதலிடம் பெறவில்லை. ஆயினும் பல ஓட்டங்களில் முன்னணியில் முடித்துப் புள்ளிகளைச் சேர்த்த பெற்றினியே கிண்ணத்தை மூன்றாம் முறையாகவும் வென்றார், ரெபெலின் இரண்டாமிடத்தவரானார். இது முறையா? ஒருமுறையும் முதல்வனாகாதவன் அனைவர்க்கும் முதல்வனாவது எங்ஙனம் எனச் சிலர் வினவலாம். ஆயின், மார்ச்சு முதல் ஒற்றோபர் வரை, வெயிலிலும் மழையிலும், கல்லிலும் மலையிலும் தளராது நிற்றலும் ஓர் அருந்திறனன்றோ?

வரலாறு இவ்வழக்கிற் கூறும் தீர்ப்புச் சிந்திக்கத்தக்கது. உலகக் கிண்ணம் 2004உடன் முடிந்தது. மறு ஆண்டு வந்த புதிய முறை, பல நாள் ஓட்டங்களையும் சேர்த்துக்கொண்டது. இவ்வாறு ஆண்டுப் பரிசுகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. பழைய ஒருநாள் ஓட்டங்கள் ஐந்தும் இரு உலகப் போர்களையும் கடந்து இன்றும் நிலைக்கின்றன. புள்ளிக் கணக்கு, கணக்கிடுவோர் உள்ளவரை வாழும்; ஒரு பாதையில் ஒருவன் பட்ட பாடோ, அப்பாதை உள்ளவரை மக்கள் நினைவில் வாழும்.

எனினும், நிலைத்த புகழ் வேறு, நேரிய மதிப்பீடு வேறு. ஒருநாள் வென்றவனை உலகம் போற்றட்டும். நாள்தோறும் உழைத்து இரண்டாமிடத்திலும் மூன்றாமிடத்திலும் தளராது நிற்கும் மாணவனைக் கண்டுகொள்வது ஆசிரியர் கடனாகும்.