ஓல்டு நிக்கலின் சிசு மரணக் கணக்கு

கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பகுதியில் கனவான்களின் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 45 என்றும், கூலித் தொழிலாளர் குடும்பங்களில் அது 16 என்றும் எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட சுகாதார அறிக்கை கூறியது. இதை மேலோட்டமாகப் படிப்பவர், தொழிலாளர்கள் மீசை அரும்பும் பருவத்திலேயே மடிந்தனர் என்று கருதக்கூடும். உண்மையில், பிறந்த சில வாரங்களிலும் மாதங்களிலும் இறந்த குழந்தைகளின் பெருந்தொகையே அச்சராசரியை அவ்வளவு கீழே இழுத்தது. உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் ஓராண்டு நிறைவதற்குள் இறப்போரின் எண்ணிக்கையே சிசு மரண விகிதம். இதற்கு ஆதாரமான குடிமைப் பதிவு இங்கிலாந்தில் 1837இல் தொடங்கியது எனினும், இறந்து பிறந்த குழந்தைகள் 1927 வரை அப்பதிவில் இடம்பெறவில்லை. ஆகவே சில நிமிடங்களே மூச்சுவிட்ட சிசுவை இறந்து பிறந்ததாகச் சொல்லிப் புதைத்துவிட்டால் அது எந்தக் கணக்கிலும் வராது.

பெத்னல் கிரீனின் மேற்கு ஓரத்தில், ஷோர்டிச்சை ஒட்டியிருந்த ஓல்டு நிக்கல் என்னும் சேரிப்பகுதியில் 1880களின் இறுதியில் ஏறத்தாழ நான்கு குழந்தைகளுள் ஒன்று முதலாண்டைக் கடக்கவில்லை. சார்லஸ் பூத் தம் வறுமை வரைபடத்தில் ஆகக் கீழான நிலையைக் குறிக்கும் கறுப்பு நிறத்தைத் தீட்டியது இத்தகைய தெருக்களுக்கே. கோடை முற்றியதும் கழிப்பிடக் குழிகளில் பெருகிய ஈக்கள் பாலில் மொய்க்க, வயிற்றுப்போக்கு சிசுக்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய பால்புட்டிகளின் உட்புறத்தைக் கழுவவே இயலாது என்பதால் அக்குழாயே நோயின் உறைவிடமாயிற்று. கொழுப்பு நீக்கிச் சர்க்கரை கூட்டிய மலிவான டின் பால் வயிற்றை நிரப்பியதே தவிர உடலை வளர்க்கவில்லை. அழும் குழந்தையை உறங்கவைக்க அபின் கலந்த ‘காட்ஃப்ரேஸ் கார்டியல்’ என்ற மருந்தும் கொடுக்கப்பட்டது.

தாய்மார் வேலைக்குப் போவதே இத்தனைக்கும் காரணம் என்று அக்கால மருத்துவ அதிகாரிகள் பலர் எழுதினர். இப்பகுதியைப் பொறுத்தவரை அது பொருந்தாத குற்றச்சாட்டு. இங்கே பெண்கள் பலர் குழந்தைகள் படுத்திருந்த அதே அறையில் அமர்ந்து, 144 பெட்டிகளுக்கு இரண்டேகால் பென்னி கூலிக்குத் தீப்பெட்டி ஒட்டினர். பெற்றோரின் படுக்கையில் சிசு மூச்சடைத்து இறப்பது சனிக்கிழமை இரவுகளில் மிகுதி என்பதைக் கொண்டு குடிப்பழக்கத்தைச் சாடியவர்களும், தொட்டிலுக்கு இடமில்லாத ஒற்றை அறைக்கு வாடகை வாங்கியவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

1890ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் லண்டன் கவுண்டி மன்றம் இச்சேரியை இடித்து, அங்கே பவுண்டரி எஸ்டேட் என்னும் செங்கல் குடியிருப்பை எழுப்ப, 1900இல் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். புதிய வாடகையைக் கொடுக்க முடிந்தவர்கள் நிலையான வருமானமுள்ள கைவினைஞர்களும் எழுத்தர்களுமே. எனவே அவ்விடத்தின் இறப்பு விகிதம் குறைந்ததை வைத்து அங்கு வாழ்ந்த ஏழைகளின் குழந்தைகள் பிழைத்தனர் என்று முடிவு கட்டுவது தவறு. வெளியேற்றப்பட்ட 5,719 பேருள் புதிய குடியிருப்பில் குடியேறியவர்கள் 11 பேர் மட்டுமே.