இப்னுல் கதீபும் கொள்ளைநோயும்

ஹிஜ்ரி 749இல் (கி.பி. 1348) அந்தலூசியாவைத் தாக்கிய கொள்ளைநோய் தொற்றுவதா, அல்லவா என்பது அறிஞரிடையே பெரும் வாதமாயிற்று. தொற்றை மறுப்பதாகத் தோன்றும் நபிமொழியின் வெளிப்பொருளையே பலர் பற்றி நின்றனர். கிரனாடாவின் அமைச்சரும் மருத்துவருமான இப்னுல் கதீபோ, நோயாளியின் ஆடை, பாத்திரம், காதணி வழியாகவும் நோய் பரவியதையும், சலா நகரில் வாயிலை அடைத்துத் தனித்திருந்த ஒரு குடும்பம் தப்பியதையும் சான்றாக முன்வைத்தார். கண்கூடான சான்றோடு முரண்படுமாயின் அந்நபிமொழிக்கு வேறு விளக்கம் காணவேண்டும் என்றும் எழுதினார். அத்துணிவையே நாம் வியக்கிறோம்.

காதணி கிடக்கட்டும், ஆடையில் உண்மை இருந்தது. 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்த யெர்சினியா பெஸ்டிஸ் என்னும் கிருமி, தெள்ளுப்பூச்சியின் முன்குடலை அடைத்துவிடும். பசி தீராத பூச்சி மீண்டும் மீண்டும் கடித்துக் கிருமியை நம் உடலுள் கக்கும். அங்கே, காக்க வரும் வெள்ளணுக்களுக்குள்ளேயே அது முதலில் பதுங்கிப் பெருகும். பின்னர் ஊசி போன்ற உறுப்பால் அவற்றுள் புரதங்களைச் செலுத்திச் செயலிழக்கச் செய்யும். நுரையீரலைப் பற்றினாலோ மூச்சே அதற்கு வழி. சலாவின் அடைத்த கதவு தடுத்தது இவ்விரு வழிகளையுமே.