எது, எவ்வளவு: இரண்டு திரைப்படத் தரவுத்தளங்களின் குறிச்சொற்கள்

'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' வரிசையின் மூன்றாம் படம் 2007-இல் வந்தது. டிஎம்டிபி எனப்படும் 'தி மூவி டேட்டாபேஸ்' அதற்கு வைத்திருந்த குறிச்சொற்களில் ஒன்று 'கலிப்ஸோ'. படம் பார்த்தவருக்குச் சந்தேகமே வராது: மனித உடலில் சிறைப்பட்டுக் கிடக்கும் கடல் தெய்வம். பார்க்காதவருக்கு, அதுவும் தலைப்பிலேயே கரீபியன் இருக்கும்போது, டிரினிடாட்டின் கலிப்ஸோ இசைதான் நினைவுக்கு வரும். இசைப்படம் தேடிப் போனவர் கடற்கொள்ளையரிடம் மாட்டிக்கொள்வார். அதே பட்டியலில் 'டிரக் அப்யூஸ்' என்றும் ஒன்று உண்டு. படத்தின் கடற்கொள்ளையன் ஜாக் ஸ்பேரோ ரம் குடிப்பதை யாரோ போதைப் பழக்கமாகப் பதிந்துவிட்டார்களோ என்னவோ.

இரண்டும் குழப்பம்தான், ஆனால் வேறு வேறு சாதி. கலிப்ஸோவில் எந்தப் பொருள் என்று தெரியவில்லை. போதையில் பொருள் தெரிகிறது. படத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. டிஎம்டிபியையும் மூவிலென்ஸ் என்ற இன்னொரு தளத்தையும் அருகருகே வைத்தால் ஒன்று முதல் குழப்பத்தோடு மல்லுக்கட்டுவதையும் மற்றது இரண்டாவதோடு மல்லுக்கட்டுவதையும் பார்க்கலாம்.

2008-இல் தொடங்கிய டிஎம்டிபி உறுப்பினர்கள் நிரப்பி வளர்க்கும் தளம். மூவிலென்ஸ் அதற்கு மூத்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குரூப்லென்ஸ் ஆய்வுக்குழு 1997-இல் தொடங்கிய படப் பரிந்துரைத் தளம்.

டிஎம்டிபியில் ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. 'சூப்பர்ஹீரோ' 9715. 'நாவலைத் தழுவியது' என்ற பொருளில் இருந்த சொல் 818. அந்த 818-இன் பெயரைப் பிறகு 'நாவல் அல்லது புத்தகத்தைத் தழுவியது' என்று விரித்தார்கள். எண் மாறாததால், எந்தப் படத்தின் பக்கத்தையும் தொடாமலே அத்தனை படங்களிலும் பெயர் மாறிவிட்டது. எண் வைத்ததன் லாபம் இதுதான். கால்பந்திலும் இந்தக் கவனம் தெரிகிறது: 'அமெரிக்கன் ஃபுட்பால்' தனி, 'ஃபுட்பால்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 'சாக்கர்' என்று விளக்கியது தனி. படத்தின் கதைச்சுருக்கத்தை அங்கே தமிழிலும் எழுதலாம், குறிச்சொல் மட்டும் ஆங்கிலத்தில்தான். உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே மொழியில் எழுதும் இடத்தில் இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் லண்டன்காரரும் டெக்சாஸ்காரரும் ஒரே சொல்லில் இரு விளையாட்டுகளைப் பதிவார்கள்.

ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கவனம் கிடைக்கவில்லை. 2017 வாக்கில் டிஎம்டிபியிலிருந்து எடுத்துத் தொகுத்த, சுமார் 4,800 படங்கள் கொண்ட தரவுத்தொகுப்பு ஒன்று கணினி மாணவர்களிடையே பிரபலம். அதில் 'அவதார்' படத்துக்கு 'மரீன்' என்று இருக்கிறது. கதாநாயகன் முன்னாள் மரீன் படைவீரன் என்பதால் வந்த சொல். கடலைக் குறிக்கும் மரீனாக எடுத்துக்கொண்டால் 2009 படத்துக்குப் பொருந்தாது. 2022-இல் வந்த இரண்டாம் பாகத்துக்கோ இரண்டு பொருளும் பொருந்தும்! அதே தொகுப்பில் 2015-இன் 'ஸ்பெக்டர்' நாவல் தழுவலாம். இயன் ஃப்ளெமிங் அந்தப் பெயரில் நாவல் எழுதவில்லை. ஜேம்ஸ் பாண்ட் என்ற பாத்திரம்தான் அவருடைய நாவல்களிலிருந்து வந்தது. கதை தழுவலா, பாத்திரம் தழுவலா என்பதை 818 சொல்லாது. டிஎம்டிபியில் குறிச்சொல் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைதான்.

மூவிலென்ஸில் குறிச்சொல் அதை எழுதியவரின் சொத்து. 'நெட்ஃப்ளிக்ஸ் வரிசையில்' என்று தன் நினைவுக்காக எழுதிக்கொண்டவர்களும் உண்டு. அங்குள்ள சொற்களை உண்மைத் தகவல், அபிப்பிராயம், சொந்தக் குறிப்பு என்று குரூப்லென்ஸ் ஆய்வாளர்கள் 2006-இல் வகைப்படுத்தினார்கள். 2012-இல் 'டேக் ஜீனோம்' வந்தது. போதிய பேர் பயன்படுத்திய ஆயிரத்துச் சொச்சம் சொற்களை எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு சொல் எவ்வளவு பொருந்தும் என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் கொடுத்தார்கள். பயனர் இட்ட சொற்கள், மதிப்பீடுகள், விமர்சனங்கள் மூன்றையும் வைத்து இயந்திரம் கணக்கிடுகிறது. சரிபார்க்க உறுப்பினர்களிடமே கருத்தும் கேட்டார்கள். ரம் பாட்டிலும் முழுநீளப் போதைக்கதையும் ஒரே தட்டில் நிற்கும் அநியாயம் இங்கே குறைகிறது.

பொருள் குழப்பம் மட்டும் அப்படியே கிடக்கிறது. ஜீனோம் பட்டியலின் முதல் சொல் '007'; அடுத்ததே '007 சீரிஸ்'. 'ஏலியன்' உண்டு, 'ஏலியன்ஸ்' உண்டு. வேற்றுக்கிரகவாசிகளைச் சொல்கிறதா, 1979-இலும் 1986-இலும் அதே பெயர்களில் வந்த படங்களைப் போன்றது என்கிறதா? 'ட்விஸ்ட்', 'ட்விஸ்ட் எண்டிங்', 'சர்ப்ரைஸ் எண்டிங்' மூன்றும் தனித்தனியே மதிப்பெண் வாங்குகின்றன.

இன்றிரவு என்ன படம் பார்ப்பது என்றால் நான் மதிப்பெண் பக்கம்தான் சாய்வேன். தவறைத் திருத்த வேண்டுமென்றால் டிஎம்டிபி. அங்கே பொருந்தாத சொல்லை ஓர் உறுப்பினர் நீக்கலாம், ஏன் என்று வாதாடலாம்; 0.43 என்ற எண்ணோடு யார் வாதாடுவது? இரண்டையும் சேர்க்கத் தடையும் இல்லை. மூவிலென்ஸ் வெளியிடும் அண்மைத் தரவுகளில் பெரும்பாலான படங்களுக்கு டிஎம்டிபி எண்ணும் சேர்ந்தே வருகிறது.

சேர்த்தாலும் ஒன்று விடுபடும். 'நாய்' என்ற சொல்லுக்கு எண்ணும் கொடுத்து, 0.9 மதிப்பெண்ணும் போட்டாயிற்று என்று வையுங்கள். குழந்தைகளோடு படம் பார்க்க உட்காரும் தாய்க்கு வேண்டிய செய்தி அதில் இல்லை. கடைசியில் அந்த நாய் சாகிறதா? இப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே 'டஸ் தி டாக் டை' என்றொரு தளம் நடக்கிறது. அங்கே குறிச்சொல்லின் இடத்தில் முழுக் கேள்வியே இருக்கிறது. பார்த்தவர்கள் ஆம், இல்லை என்று வாக்களிக்கிறார்கள்.