'டி.சி.' டைரக்டரி முதல் மத்தளம்பாறை வரை

நம் சங்க மலரில் பேராசிரியர்களைப் பற்றியும் ஹாஸ்டலைப் பற்றியும் ஐந்தருவிக் குளியலைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. கம்ப்யூட்டர் லேப் சரித்திரத்தில் ஒரு சங்கதி மட்டும் விட்டுப்போயிற்று. ஒரே மெஷினில் ஒரே மொழிக்கு இரண்டு வெர்ஷன்கள் குடியிருந்த கதை அது.

போர்லாண்ட் கம்பெனியின் டர்போ சி 1987-ல் வந்தது. டர்போ சி++ 1990-ல். எடிட்டரும் கம்பைலரும் ஒரே திரையில்! தென்காசிப் பக்கம் ப்ளாப்பியில்தான் வந்து சேர்ந்தது. சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத ப்ளாப்பி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

புதுசு வந்ததும் பழசை அழிக்க மனசு வருமா? ரெக்கார்டு நோட்டு முழுக்கப் பழையதில் ஓடிய ப்ரோக்ராம்தானே. இரண்டையும் 'டி.சி.' என்ற ஒரே டைரக்டரியில் கொட்டினால் ஹெடர் ஃபைல்களும் லைப்ரரிகளும் ஒன்றின்மேல் ஒன்று பதிந்து குழம்பிவிடும். தனித்தனியாக வைத்தால், ஆப்ஷன்ஸ் மெனுவில் டைரக்டரீஸ் என்ற இடத்தில் அந்தந்த வெர்ஷனுக்குரிய பாதையைக் காட்ட வேண்டும். இன்க்ளூட் பாதை தப்பினால் 'எஸ்டிடிஐஓ' ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று நிற்கும். (நமக்கு அது என்றைக்கும் 'ஸ்டுடியோ'தான்!) லைப்ரரி பாதை தப்பினால் கம்பைல் ஆகும், லிங்க் ஆகாது. டாஸ் ப்ராம்ப்டிலோ, பாத் வரியில் எந்த டைரக்டரி முதலில் இருக்கிறதோ அந்த வெர்ஷன்தான் ஓடும். கிராஃபிக்ஸ் ப்ரோக்ராம் இன்னும் வில்லங்கம். பிஜிஐ டிரைவர் இருக்கும் இடத்தை ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதியிருப்போம். டைரக்டரி பெயர் மாறினால் வட்டமும் வராது, கோடும் வராது. எக்ஸ்டர்னல் பக்கத்தில் நிற்கும்போது இது நடந்தால்? மார்க் போச்சு.

விண்டோஸ் காலத்தில் பொது டிஎல்எல் ஃபைல்களைப் புது மென்பொருள் மாற்றிவிட, பழையது படுத்துவிடும். 'டிஎல்எல் நரகம்' என்றே அதற்குப் பெயர். 2002-ல் டாட்நெட் 1.0, 2003-ல் 1.1 வந்தபோது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். பைத்தான் 3 வந்தது 2008-ல். பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது 2020-ல். பன்னிரண்டு வருஷம் இரண்டு குடித்தனம்!

தம்பி தங்கைகளே, இது வெறும் பழங்கதை இல்லை. மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ இயங்குகிறது. மென்பொருள் வேலைக்குச் சென்னை பஸ் ஏறியே ஆகவேண்டும் என்ற நிலை மாறிவிட்டது. ஆனால் எந்தக் கம்பெனியானாலும், கஸ்டமர் பழைய வெர்ஷனில் பிழை என்று சொன்னால் பழையதிலேயே ஓட்டிப் பார்த்துத்தான் திருத்த முடியும். டர்போ சி மட்டும் தெரிந்தவருக்கும் கஷ்டம், அதைக் கண்ணாலேயே பார்க்காதவருக்கும் கஷ்டம்.

64-பிட் விண்டோஸில் டர்போ சி நேராக ஓடாது, டாஸ்பாக்ஸில் ஓடும். பக்கத்தில் ஜிசிசி-யையும் போட்டுக்கொள்ளுங்கள். ஓர் 'இன்ட்' மாறியில் 32,767 வைத்து, அதோடு ஒன்று கூட்டி, இரண்டிலும் அச்சிட்டுப் பாருங்கள். ஜிசிசி 32,768 என்னும். டர்போ சி, இன்ட்டுக்கு 2 பைட் மட்டுமே ஒதுக்குவதால், மைனஸ் 32,768 என்னும்.