மஃப்ளர் பின்னக் கற்றவர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் காலை நடைக்குக் கீழே இறங்குபவர்களில் பாதிப் பேர் கழுத்தில் மஃப்ளர் ஏறிவிடுகிறது. நம் ஊர்க் குளிருக்கு அது தேவையா என்ற விவாதம் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. மஃப்ளரும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருகிறது. இந்த ஆண்டு ஒரு சின்ன மாற்றம். நம் வளாகத்தில் சில வீடுகளில் அதைக் கடையில் வாங்காமல் கையாலேயே பின்னத் தொடங்கியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரன் பேத்திக்கு அனுப்பலாம் என்று ஊசியும் உல்லன் நூலும் வாங்கியவர்கள் சிலர். கைபேசியை எடுக்காமல் ஒரு மணி நேரம் கழியட்டும் என்று தொடங்கியவர்கள் சிலர். அவர்களில் பலருக்கும் ஆசை காட்டும் பின்னல் ஒன்று உண்டு. அதன் பெயர் 'பிரியோஷ்'. தடிமனாகவும் மெத்தென்றும் இருக்கும். முன்பக்கம் பின்பக்கம் என்ற வேறுபாடு தெரியாது.

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்துக்கு அதையே எடுத்துக்கொண்டோம். ஒரு பின்னலின் வரலாறு என்றால் வடிவங்களின் வரலாறு மட்டுமல்ல. அதைக் கற்றவர்கள் யார், எதற்காகக் கற்றார்கள் என்பதும் சேர்ந்ததுதான். இன்று நாம் பொழுதுபோக்காகக் கற்கும் இந்த வேலையை ஒரு காலத்தில் குழந்தைகள் வயிற்றுப்பாட்டுக்காகக் கற்க வேண்டியிருந்தது.

நெசவு வேறு, பின்னல் வேறு

வேட்டி, புடவை எல்லாம் நெசவு. பாவு நூல் நெடுக்காகவும் ஊடை நூல் குறுக்காகவும் ஓடும். பின்னலில் பெரும்பாலும் ஒரே நூல்தான். அந்த நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் கீழே உள்ள கண்ணிக்குள் நுழைந்து வெளியே வரும். வீட்டில் இருக்கும் பனியன் ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன கண்ணிகள் வரிசையாகத் தெரியும். இழுத்தால் பனியன் விரிவதும் விட்டால் சுருங்குவதும் அந்தக் கண்ணிகளால்தான். திருப்பூரில் இயந்திரம் ஓட்டுவதும் மஃப்ளருக்காக நாம் ஊசியில் போடுவதும் அடிப்படையில் ஒரே வேலை.

இரண்டு ஊசிகளால் பின்னியவை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய துணித்துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை. அவை 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்தவை. நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் நேர்த்தியாகப் பின்னியவை. பருத்தியில் இந்தக் கைவேலை அன்றே முதிர்ந்திருந்தது என்பது நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்காரர்களுக்கு ஒரு மகிழ்ச்சி.

தொப்பிச் சட்டமும் பின்னல் பள்ளியும்

ஐரோப்பாவில் இந்தக் கலை பரவியபோது அது ஏழைகளின் தொழிலாக ஊன்றிக்கொண்டது. தறி வேண்டாம், தனி இடம் வேண்டாம். ஆடு மேய்த்துக்கொண்டே, நடந்துகொண்டே பின்னலாம். அந்தத் தொழிலுக்கு எவ்வளவு பேரின் சோறு கட்டுண்டிருந்தது என்பதற்கு 1571இல் இங்கிலாந்து போட்ட ஒரு சட்டமே சாட்சி. ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் கம்பளித் தொப்பி அணிய வேண்டும் என்றது அந்தச் சட்டம். பிரபுக்கள், சீமாட்டிகள் உள்ளிட்ட சிலருக்கு விலக்கு. தொப்பி பின்னுபவர்களின் பிழைப்பைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. தலையில் எதை வைப்பது என்று அரசு சொன்னால் யார் கேட்பார்கள்? 1597இல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள்.

அதே காலத்தில் லிங்கன், யார்க் போன்ற நகரங்கள் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பின்னல் பள்ளிகள் நடத்தின. பள்ளி என்றதும் கரும்பலகையை நினைக்க வேண்டாம். பிச்சை எடுக்காமல் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும் வழியைச் சிறு வயதிலேயே கையில் கொடுத்துவிடுவதுதான் அவற்றின் நோக்கம்.

டென்ட் ஊருக்குப் போன இரு சிறுமிகள்

வட இங்கிலாந்தின் மலைப்பள்ளத்தாக்கில் டென்ட் என்றொரு சிற்றூர். அங்கே ஆண், பெண், குழந்தை எல்லோரும் பின்னினார்கள். இரவில் விளக்குக்கும் விறகுக்கும் தனித்தனியே செலவாகுமே என்று, இன்று ஒரு வீடு நாளை ஒரு வீடு என்று கூடி, ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பின்னுவார்கள். இடுப்பில் செருகிய மரக்குச்சியில் ஒரு ஊசியை ஊன்றிக்கொண்டு, உடலை முன்னும் பின்னும் அசைத்தபடி, பாட்டும் கதையுமாக வேலை நடக்கும். அவர்களுடைய வேகத்தைப் பார்த்து அந்த வட்டாரத்தில் 'பயங்கரமான பின்னல்காரர்கள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

18ஆம் நூற்றாண்டில் லாங்டேல் என்ற ஊரிலிருந்து ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியையும் அவளுடைய தங்கையையும் பின்னல் கற்பதற்காக டென்டுக்கு அனுப்பினார்கள். அக்காவின் பெயர் பெட்டி. போன இடத்தில் ஓயாத பின்னல். வீட்டு நினைவோ விடவில்லை. ஒருநாள் இருவரும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, வழிகேட்டுக் கேட்டு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். பெட்டி யூடேல் முதியவளான பிறகு தன் வட்டார மொழியில் சொன்ன இந்த நினைவுகளைக் கவிஞர் ராபர்ட் சதி 'தி டாக்டர்' என்ற தம் நூல்தொகுதியில் சேர்த்தார். அதனால்தான் அந்தக் கதை இன்று நமக்குக் கிடைக்கிறது. பின்னக் கற்ற எத்தனையோ ஏழைக் குழந்தைகளின் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. ஓடி வந்த பெட்டியின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இயந்திரம் வந்தது

கையால் பின்னியவர்களுக்குப் போட்டி வெகு முன்பே பிறந்துவிட்டது. 1589இல் நாட்டிங்காம் அருகே வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஏழைகளின் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சி எலிசபெத் மகாராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியானாலும், லீ பிரான்சுக்குப் போய் அங்கேயே மறைந்தார் என்பது வரலாறு.

இரண்டு நூற்றாண்டு கழித்து அதே வட்டாரத்தில் சக்கரம் திரும்பிச் சுழன்றது. 1811இல் காலுறைச் சட்டகங்களில் வேலை செய்தவர்களே, கூலி குறைந்து வயிறு காய்ந்தபோது, சட்டகங்களை உடைக்கத் தொடங்கினார்கள். 'லட்டைட்' என்ற சொல் அங்கே பிறந்ததுதான். 1812இல் சட்டகம் உடைப்பவர்களுக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. அதை எதிர்த்துத்தான் கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தம் முதல் உரையை நிகழ்த்தினார்.

கேக்கின் பெயர் பின்னலுக்கு வந்த கதை

இயந்திரம் மலிவான காலுறையைத் தரத் தொடங்கிய பிறகு, கைப்பின்னல் மெல்ல வேறு வீடுகளுக்குள் நுழைந்தது. இம்முறை வசதியான வீடுகளின் வரவேற்பறைக்குள். ஜெர்மனியிலிருந்து வந்த மென்மையான, வண்ணவண்ண 'பெர்லின் கம்பளி' அங்கே புகழ் பெற்றது. கற்பவர்கள் மாறியதால் கற்பிக்கும் முறையும் மாற வேண்டியிருந்தது. டென்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் விரலைப் பார்த்துக் கற்றார்கள். வரவேற்பறைப் பெண்ணுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அவளுக்குப் புத்தகம் தேவைப்பட்டது.

1840இல் எடின்பரோவில் கம்பளிக் கடை வைத்திருந்த ஜேன் காகெய்ன், பின்னல் குறிப்புகளைச் சுருக்கெழுத்துப் போன்ற குறியீடுகளோடு நூலாக்கினார். 1843இல் லண்டனில் மிஸ் லாம்பர்ட் 'என் பின்னல் புத்தகம்' வெளியிட்டார். நம் பிரியோஷ் பெயரோடு வருவது இந்தப் புத்தகத்தில்தான். ஆனால் அங்கே அது மஃப்ளர் அல்ல, ஒரு மெத்தை. பிரியோஷ் என்பது வெண்ணெயும் முட்டையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் சுடும் உப்பலான கேக். அதே உருண்டை வடிவில் பட்டை பட்டையாகப் பின்னி உள்ளே அடைத்துத் தைத்த இருக்கை மெத்தைக்கு அந்தக் கேக்கின் பெயர் வந்தது. பிறகு மெத்தை வழக்கொழிந்தது. அதைப் பின்னிய முறைக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலேயர் இதைப் பிரெஞ்சுக் கேக்கின் பெயரால் அழைக்க, பிரெஞ்சுக்காரர்களோ இதை 'ஆங்கிலப் பட்டை' என்கிறார்கள். ஜெர்மானியருக்கு இது 'பேட்டன்ட்' பின்னல்.

போர்க்காலத்து மஃப்ளர்

மஃப்ளரைத் தொடக்கநிலைக்காரர்களின் பாடமாகப் பெருமளவில் ஆக்கியது முதல் உலகப் போர். காலுறைக்குக் குதிகால் திருப்பத் தெரிய வேண்டும். கையுறைக்கு விரல் பிரிக்கத் தெரிய வேண்டும். மஃப்ளர் வெறும் நீள்சதுரம். பள்ளிப் பிள்ளைகளாலும் முடியும். 1914 இலையுதிர்காலத்தில் பிரிட்டனில் மேரி அரசியின் பெயரால் 3,00,000 ஜோடிக் காலுறைகள் கேட்டு வேண்டுகோள் விடப்பட்டது. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அங்கே செஞ்சிலுவைச் சங்கம் மஃப்ளர், ஸ்வெட்டர், காலுறை முதலியவற்றுக்கான செய்முறைகளை அச்சிட்டு வீடு வீடாகச் சேர்த்தது.

இந்தக் கம்பளியில் நம் நாட்டவர்க்கும் பங்கு உண்டு. 1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இந்தியப் படையினர் இறங்கினார்கள். வெப்ப நாட்டுக்கான மெல்லிய உடையோடு அவர்கள் ஐரோப்பியக் குளிர்காலத்துக்குள் நுழைந்தார்கள். லண்டனில் அமைந்த 'இந்தியப் படைவீரர் நிதி' அவர்களுக்குக் கம்பளி உடைகளைத் திரட்டி அனுப்பியது. ஊர் பேர் தெரியாதவர்கள் தந்த கம்பளி, மொழி தெரியாதவர்களின் உடம்பைச் சூடாக்கியது. அந்தக் குளிரிலிருந்து திரும்பி வராதவர்களும் அவர்களில் ஆயிரக்கணக்கில் உண்டு.

இன்று கற்பவர்களுக்கு

போருக்குப் பின் பிரியோஷ் பல பின்னல்களில் ஒன்றாகப் பின்வாங்கியது. ஆம்ஸ்டர்டாமில் வாழும் நான்சி மார்ச்சன்ட் இதற்கென்றே தனி நூல் எழுதி, குறியீடுகளையும் ஒழுங்குபடுத்திய பிறகு, கடந்த பதினைந்து ஆண்டுகளாக மறுபடி பரவலாகி வருகிறது.

வேலை இதுதான். இரட்டைப்படை எண்ணில் கண்ணிகளைத் தளர்வாக ஏற்றிக்கொள்ளுங்கள். தடித்த நூலென்றால் 30 போதும். முதல் வரிசையில் நூலை முன்னே கொண்டுவந்து, ஒரு கண்ணியைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்றி, நூலை அதன் மேலாகப் பின்னுக்குக் கொண்டுபோய், அடுத்த கண்ணியை 'நிட்' பின்னுங்கள். வரிசை முடியும்வரை இதையே திருப்பிச் செய்யுங்கள். அடுத்த வரிசையிலிருந்து பின்னிய கண்ணியை அதே விதமாக நூல் போர்த்தி மாற்றுங்கள். முன் வரிசையில் மாற்றிய கண்ணியையும் அதன் மேல் கிடக்கும் நூலையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். மஃப்ளர் முடியும்வரை இவ்வளவுதான்.

இதனால் ஒவ்வொரு கண்ணியும் முழுமையாக இரண்டு வரிசை பிடிக்கிறது. வேலை மெதுவாக நகர்வதாகத் தோன்றுவது அதனால்தான். நூல் கூடுதலாகச் செலவாவதும் அதனால்தான். அந்த இரட்டை நூலுக்கு நடுவே காற்று தங்குவதால்தான் வெதுவெதுப்பும் வருகிறது.

தொடக்கத்தில் வெளிர் நிற, முறுக்கு நன்றாக உள்ள நூல் நல்லது. கறுப்பில் கண்ணி தெரியாது. வழுக்கும் உலோக ஊசியைவிட மூங்கில் ஊசி கைக்கு அடங்கும். போர்த்திய நூல் ஊசியிலிருந்து நழுவினால் திரும்பப் பிடிப்பது சிரமம். எனவே பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒருமுறை, ஊசியில் உள்ள எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறத் தையல் நூல் ஒன்றைக் கோத்து விடுங்கள். போர்த்திய நூலும் அதற்குள் வர வேண்டும். பிறகு எங்கே தவறினாலும் அந்த நூல்வரை பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம்.

டென்டில் உட்கார்ந்திருந்த பெட்டிக்கு நிதானமாகப் பிரித்துத் திரும்பப் பின்ன நேரம் யார் கொடுத்திருப்பார்கள்? பின்னி முடித்தால்தான் அங்கே கூலி. கடையில் சில நூறு ரூபாய்க்கு மஃப்ளர் கிடைக்கும்போது கையால் ஏன் பின்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்: நான்கு முறை பிரித்து ஐந்தாம் முறை சரியாக வரும் வரை காத்திருக்க நம்மால் முடிகிறது, ஆகவே பின்னுகிறோம். பேத்தியின் கழுத்துக்கு அது அடுத்த குளிர்காலத்தில்தான் போய்ச் சேரும் என்றாலும் பரவாயில்லை.