ஆற்காட்டு வெள்ளி ரூபாய்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் கர்நாடகப் (கர்நாட்டிக்) பகுதியில் புழங்கிய வெள்ளி நாணயம். ஆற்காட்டுக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட அவலூர்பேட்டை, செஞ்சி வட்டாரம் இதன் புழக்க எல்லைக்குள் இருந்தது. ஆற்காட்டு நவாபின் அனுமதியுடன் பிரெஞ்சுக்காரர் 1736 முதலும், ஆங்கிலேயர் 1742 முதலும் இதை அச்சிட்டனர். புதுச்சேரிக் காசில் பிறை காணப்படும்.

பொறித்த ஆண்டை நம்பி அரிதென்று விலை கொடுப்பது பெரும் பிழை. 1759இல் இறந்த முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172உம் தாங்கிய சென்னை ரூபாய்கள் 19ஆம் நூற்றாண்டிலும் அச்சாயின. அச்சு, வெள்ளி வில்லையைவிடப் பெரிது. ஆகவே ஆண்டும் அடையாளமும் பெரும்பாலும் விளிம்பில் வெட்டுண்டு போகும். அவை முழுதாய்த் தெரியும் காசே சேகரிப்போர் தேடுவது. சராப்புகள் (நாணய மாற்றுநர்) வெள்ளியைச் சோதித்துக் குத்திய முத்திரை மதிப்பைக் குறைத்தாலும், அது வணிக வரலாற்றின் சான்று என்பதால் முழுக் குறையாகக் கொள்ளலாகாது. நகையாக்க வளையம் பற்றவைத்த தடம் மன்னிக்கப்படுவதில்லை. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவது அதைவிடக் கேடு: இயல்பான கருமையோடு எழுத்தின் கூர்மையும் தேய்ந்துபோகும்.

இக்காசுகள் மண்ணில் புதையலாகக் கிடைத்தால் அதை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.