சூடேறினால் அணையும் பொறி

பழைய புல்லட் வண்டி வைத்திருப்போர் அறிந்த துன்பம் ஒன்றுண்டு. காலையில் ஓர் உதையிலேயே உயிர்பெறும் வண்டி, பத்துப் பதினைந்து கல் ஓடியபின், மர நிழலோ தேநீர்க் கடையோ இல்லாத ஓரிடத்தில் இருமி நின்றுவிடும். எத்தனை முறை உதைத்தாலும் பயனில்லை. அரை மணி நேரம் கழித்து, எவரும் எதையும் தொடாமலே, மீண்டும் புறப்படும். பட்டறைக்குக் கொண்டு சென்றாலோ, பழுதே அறியாததுபோல் சீராக ஓடிக் காட்டும்.

எனக்கும் இது நேர்ந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பெட்ரோல் குழாயை மாற்றினார்கள். புதுப் பிளக் போட்டார்கள். மூன்று முறை பணம் கொடுத்தும் பலனில்லை. இறுதியில் முதியவர் ஒருவர், வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுமுன் பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலைமீது கிடத்தி உதைத்துப் பார்த்தார். நீல நிறத்தில் 'சடக்' என்று பாயவேண்டிய பொறி, மஞ்சளாய், நூலாய்த் தெறித்தது. "கண்டன்சர்தான் சாமி" என்றார். மிக மலிவான, சுண்டுவிரல் அளவுள்ள உருளை அது. அதன் வரலாற்றைத் தேடிப் போனதன் பயனே இக்கட்டுரை.

எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைப்பது எப்படி என்ற கேள்வி முன்னோடிகளை நெடுங்காலம் அலைக்கழித்தது. பாரிசில் லெனுவார் 1860-ல் உருவாக்கிய எஞ்சின் மின்கலத்தையும் கம்பிச்சுருளையும் நம்பியது; அக்கால மின்கலங்களோ விரைவில் சோர்ந்துபோயின. 1885-ல் டைம்லர் செய்த இருசக்கர வண்டியில் ஒரு குழாயை வெளியிலிருந்து சுடர் கொண்டு பழுக்கக் காய்ச்சினார்கள். ஓடும் வண்டியில் திறந்த சுடர்! அதன்மேல் அமர்ந்து சென்றவரின் துணிச்சலை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

மின்கலமே இன்றி, காந்தத்தின் ஆற்றலால் மின்சாரம் பிறப்பிக்கும் மேக்னெட்டோ என்னும் கருவியை நிலையான எஞ்சின் ஒன்றுக்காக ராபர்ட் போஷ் 1887-ல் ஷ்டுட்கார்ட் நகரில் செய்தார். பத்தாண்டுகள் கழித்து, 1897-ல், அது ஒரு மூன்று சக்கர வண்டியில் பொருத்தப்பட்டது. ஆனால் பொறியை உண்டாக்கச் சிலிண்டருக்குள்ளேயே அசையும் உறுப்புகள் தேவைப்பட்டன. 1902-ல் போஷின் துணைவர் கோட்லோப் ஹோனோல்ட் அந்தத் தடையையும் நீக்கினார். உயர் அழுத்த மேக்னெட்டோவும் அதற்கேற்ற பிளக்கும் அவர் கைவண்ணம். மோட்டார் சைக்கிள் நம்பத்தகுந்த வாகனமானதில் இக்கருவிக்குப் பெரும் பங்குண்டு.

இதன் அரசியல் விளைவை எண்ணிப் பார்க்கவேண்டும். 1914-ல் போர் மூண்டபோது, பிரிட்டனின் வாகனங்களும் விமானங்களும் ஏறக்குறைய முழுவதும் ஜெர்மானிய மேக்னெட்டோக்களையே நம்பியிருந்தன. எதிரி நாட்டின் கருவி இல்லாமல் தன் வண்டியைப் புறப்படச் செய்ய இயலாத ஒரு பேரரசு! பர்மிங்ஹாமில் இக்கருவியைச் செய்துவந்த தாம்சன்-பென்னட் என்னும் சிறு நிறுவனத்தை லூகாஸ் நிறுவனம் அதே 1914-ல் வாங்கியது. பிற்காலத்துப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் லூகாஸ் பெயர் நிலைபெற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மேக்னெட்டோவின் சுழலும் கம்பிச்சுருளுக்குக் காப்புப் பூச்சாக அமைந்தது எது தெரியுமா? அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் பலாச மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். கடிதத்திற்கு முத்திரையிடவும் இசைத்தட்டு வார்க்கவும் பயன்பட்ட அதே பொருள். வெப்பத்தில் அரக்கு இளகும் என்பது வளையல் செய்வோர் தலைமுறைகளாக அறிந்த உண்மை. கடும் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த பழைய மேக்னெட்டோக்களில் அது இளகி, ஒட்டி, சுழலும் உறுப்பையே பிடித்துக்கொண்டதுண்டு.

இதற்கிடையே அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சார்லஸ் கெட்டரிங் மின்கலம், காயில், பாயிண்ட், கண்டன்சர் ஆகிய நான்கையும் இணைத்து நம்பகமான முறையொன்றை வகுத்தார். காடிலாக் கார்கள் 1910-க்கான வண்டிகளில் அதை ஏற்றன. பாயிண்ட் என்பது எளிய கதவு. அது மூடியிருக்கையில் காயிலில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை வளர்க்கிறது. திறந்த கணத்தில் அப்புலம் சரிய, ஆறு வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து பிளக்கில் பொறியாகிறது. ஆனால் மின்னோட்டம் எளிதில் நிற்க விரும்புவதில்லை. திறந்த இடைவெளியையும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அந்தக் குதிப்பைத் தன்னுள் வாங்கிக்கொள்வதே கண்டன்சரின் பணி. மெல்லிய உலோகத் தாள்களுக்கு இடையிலுள்ள காப்பு நலிந்தால், குளிரில் தாங்கும், சூட்டில் கசியும். அப்போது காந்தப்புலம் திடீரெனச் சரியாது. பொறி மெலியும், பாயிண்ட் முகங்கள் கருகிக் குழியும். என் வண்டி நின்றதும், ஆறியபின் எழுந்ததும் இதனால்தான்.

புல்லட் நம் மண்ணுக்கு வந்த கதை பலரும் அறிந்ததே. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் இணைந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின்னர் பாகங்களும் இங்கேயே உருவாயின. ரெடிச் ஆலை 1967-ல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. தொடக்ககால ஆங்கிலேய புல்லட்டில் மேக்னெட்டோவும் டைனமோவும் ஒன்றிய 'மேக்டைனோ' இருந்தது. நம் ஊரில் பெருகிய வண்டிகளிலோ மின்கலமும் காயிலும் பாயிண்டும்.

அந்த வண்டியின் முகப்பிலுள்ள அம்மீட்டரை அலங்காரம் என்று எண்ணுவோர் பலர். சாவியைத் திருகி, உதைகோலை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும். திறக்கும்போது நடுவில் வந்து நிற்கும். அனுபவசாலிகள் அந்த நடுநிலையைக் கண்டு, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துச் சற்றுத் தள்ளி, பின் உதைப்பார்கள். முள் அசையவே இல்லையா? மின்கலம், ஃபியூஸ், சாவித்துளை, பாயிண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். முள் சாய்ந்தே கிடக்கிறதா? பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் உள்ளுக்குள் மண்ணோடு சேர்ந்துவிட்டது. முள் ஒழுங்காக அசைந்தும் பொறி இல்லையா? காயிலையோ, பிளக்குக்குச் செல்லும் கம்பியையோ சந்தேகியுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அது திறக்கும் நொடியைக் கண்டறிய அந்நாளைய மெக்கானிக்குகள் சிகரெட் தாளை இடையில் செருகி இழுத்துப் பார்த்தார்கள். தாள் விடுபடும் கணமே பொறி பாயும் கணம். இத்தனைக்கும் மீட்டர் ஏதும் வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் போதும். என் வண்டியைத் தொட்ட முதல் மூவரிடம் கருவிகளுக்குக் குறைவில்லை. எங்கே நின்றது, எப்போது நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிய வண்டிகளில் பாயிண்ட் இல்லை. மூடிய மின்னணுப் பெட்டி இருக்கிறது. அது பெரும்பாலும் பழுதாவதில்லை, பழுதானால் வழியில் செப்பனிட இயலாது. மேக்டைனோ பூட்டிய பழம்வண்டிகளைக் காப்போரின் சிக்கல் வேறு. கண்டன்சர் சுழலும் உறுப்புக்குள்ளேயே புதைந்திருப்பதால், அதை மாற்றக் கருவி முழுவதையும் பிரிக்கவேண்டும். இன்று அவ்வேலை செய்வோர் சுருளைப் புதிதாய்ச் சுற்றி, தற்காலக் கண்டன்சரைப் பொருத்தி, அரக்குக்குப் பதிலாக எபாக்சிப் பிசினை ஊற்றுகிறார்கள். அது வெயிலில் இளகுவதில்லை.